பழைய பெட்டியைக் கெடுக்காமல் புதிய படம்: 6 மெகாஹெர்ட்ஸுக்குள் அகலத்திரையை ஏற்றுவது எப்படி

1950 அக்டோபரில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., சி.பி.எஸ். நிறுவனத்தின் வண்ணத் தொலைக்காட்சி முறைக்கு ஒப்புதல் அளித்தது. 405 கோடுகள், நொடிக்கு 144 புலங்கள் (புலம் என்பது திரையை ஒருமுறை மேலிருந்து கீழாக வரைவது). நல்ல வண்ணம்தான். ஆனால் அன்றைக்கு வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் அது படமாகவே தெரியாது. அந்த முறை ஓராண்டுகூட ஒளிபரப்பில் நிலைக்கவில்லை. 1953 டிசம்பர் 17 அன்று ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டு, பழைய பெட்டியில் கறுப்பு வெள்ளையாகவும் புதிய பெட்டியில் வண்ணமாகவும் தெரியும் என்.டி.எஸ்.சி. தரத்தை ஏற்றது.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே சிக்கல் மறுபடி வந்தது. ஜப்பானின் ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1125 கோடுகள் கொண்ட உயர்தெளிவுப் படத்தைக் காட்டியது. அதைச் சுருக்க அவர்கள் உருவாக்கிய மியூஸ் முறைக்கும் 8.1 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலம் தேவைப்பட்டது. அது செயற்கைக்கோளுக்குப் பொருந்தும். அமெரிக்காவின் தரைவழி நிலையங்களுக்குக் கிடைத்த அலைவரிசையின் அகலமோ, ஒலியையும் சேர்த்து 6 மெகாஹெர்ட்ஸ். 1987-ல் எஃப்.சி.சி. தன் முன்னாள் தலைவர் ரிச்சர்ட் வைலியின் தலைமையில் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. பழைய பெட்டி வைத்திருப்பவர்களைக் கைவிடக் கூடாது என்று 1988 செப்டம்பரில் தன் நிலையையும் அறிவித்தது.

அந்த நிபந்தனைக்கு உட்பட்டுப் பிறந்தவற்றில் மிக நுட்பமானது, பிரின்ஸ்டனின் டேவிட் சார்னாஃப் ஆய்வு மையம் 1987-ல் முன்வைத்த ஏ.சி.டி.வி. (பழைய பெட்டியோடு பொருந்தும் மேம்பட்ட தொலைக்காட்சி). அதன் முதல் வடிவத்தை இங்கே படிப்படியாகக் கட்டிப் பார்ப்போம். பைத்தான் அல்லது ஆக்டேவ் தெரிந்த மின்னணுவியல் மாணவர் இதைக் கணினியிலேயே செய்யலாம். நொடிக்கு 60 முழுச் சட்டகங்கள் கொண்ட 16:9 காணொளித் துண்டு ஒன்று போதும். அதில் கிடைமட்டமாக ஏதாவது நகரட்டும். அசையாத படத்தில் எல்லா முறைகளும் வெற்றி பெற்றுவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏ.சி.டி.வி.யின் முதல் வடிவம் 525 கோடுகளை இடைப்பின்னல் (கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு புலங்களில் அனுப்புவது) இல்லாமல் அகலத்திரையில் காட்டும் மேம்பட்ட படமே; 1125 கோட்டுப் படத்துக்கு நிகரானது அல்ல. முழு உயர்தெளிவுக்கு இரண்டாவது அலைவரிசை ஒன்றைச் சேர்க்கும் ஏ.சி.டி.வி.-2 என்ற அடுத்த கட்டத்தை அவர்கள் தனியாகத் திட்டமிட்டிருந்தார்கள்.

படி 1: பழைய தரத்தின் எண்களை எழுதி வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் வரும் ஒவ்வொரு தந்திரமும் இந்த எண்களிலிருந்தே பிறக்கிறது.

அலைவரிசையின் கீழ் விளிம்பிலிருந்து 1.25 மெகாஹெர்ட்ஸ் மேலே, படச் செய்தியைச் சுமக்கும் பட ஊர்தி அலை இருக்கிறது. அதற்கு மேலே 4.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஒளிர்வு, அதாவது படத்தின் கறுப்பு வெள்ளைச் செய்தி. கீழ்ப்பக்கப் பட்டையில் முதல் 0.75 மெகாஹெர்ட்ஸ் மட்டும் முழுதாக அனுப்பப்படுகிறது. பட ஊர்தி அலைக்கு 4.5 மெகாஹெர்ட்ஸ் மேலே ஒலி.

கோட்டு அதிர்வெண் 4.5 மெகாஹெர்ட்ஸை 286-ஆல் வகுத்தால் கிடைப்பது, அதாவது 15,734.27 ஹெர்ட்ஸ். ஒரு புலத்துக்கு 262.5 கோடுகள், ஆகவே நொடிக்கு 59.94 புலங்கள். வண்ணத் துணை ஊர்தி அலை கோட்டு அதிர்வெண்ணைப் போல் 227.5 மடங்கு, அதாவது 3.579545 மெகாஹெர்ட்ஸ். அந்த அரை மடங்கு வேண்டுமென்றே வைத்தது. அதனால் அடுத்தடுத்த கோடுகளில் வண்ண அலையின் கட்டம் (அலை தன் சுற்றில் நிற்கும் இடம்) தலைகீழாகிறது; கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அதன் புள்ளிக்கோலம் ஒன்றையொன்று தணித்துக்கொண்டு கண்ணுக்கு மங்கிப்போகிறது.

கணினியில் மாதிரி எடுக்கும் வேகத்தை வண்ணத் துணை ஊர்தி அலையின் 4 மடங்காக, 14.318 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். அப்போது ஒரு கோட்டுக்குச் சரியாக 910 மாதிரிகள் வரும். வேறு வேகம் வைத்தால் படி 5-ல் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

படி 2: பழைய பெட்டி பார்க்காத இடங்களைக் கண்டுபிடியுங்கள்

6 மெகாஹெர்ட்ஸும் நிரம்பிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் மூன்று இடங்கள் ஏறக்குறைய காலியாகக் கிடந்தன.

முதலாவது, திரையின் ஓரம். அன்றைய படக்குழாய்ப் பெட்டிகள் படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாகவே வரையும். ஒரு கோட்டில் படம் தெரியும் நேரம் ஏறக்குறைய 52 மைக்ரோ நொடி. இரு முனைகளிலும் ஒவ்வொரு மைக்ரோ நொடி சட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டால் யாரும் கவனிக்கப் போவதில்லை.

இரண்டாவது, ஹிட்டாச்சி நிறுவனத்தின் டகாஹிகோ ஃபுகினுகி சுட்டிக்காட்டிய வெற்றிடம். படத்தின் அதிர்வெண்களைக் கிடைமட்டத்தில் மட்டும் பார்க்காமல் செங்குத்து, காலம் ஆகிய இரு அச்சுகளில் விரித்துப் பார்த்தால், வண்ணச் செய்தி எதிரெதிரான இரண்டு கால்பகுதிகளில் மட்டுமே உட்கார்ந்திருக்கிறது. மற்ற இரண்டு கால்பகுதிகளில் வண்ணம் இல்லை. நுண்ணிய ஒளிர்வும் அங்கே குறைவு. புலத்துக்குப் புலம் கட்டம் மாறும் ஓர் அலையை அங்கே வைக்கலாம்.

மூன்றாவது, பட ஊர்தி அலையின் 90 பாகைக் கட்டம். படத்தை ஊர்தி அலையின் உயரத்தில் ஏற்றும் வீச்சுப் பண்பேற்றம் ஒரு கட்டத்தை மட்டுமே பயன்படுத்துகிறது. அதற்குச் செங்குத்தான கட்டம் வெறுமையாகவே போய்க்கொண்டிருந்தது.

நான்காவதாக ஓர் இடமும் உண்டு: படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு அதற்குள் செய்தியை ஒளிப்பது. ஏ.சி.டி.வி. அதைத் தொடவில்லை. பழைய பெட்டி வைத்திருப்பவருக்குத் திரை நிறையப் படம் வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். அமெரிக்கச் சந்தையை நினைத்தால் அந்தப் பிடிவாதம் நியாயமானதே.

படி 3: அகலப் படத்தை வெட்டுங்கள்

16:9 படத்தின் நடுவில் 4:3 சட்டம் ஒன்றைப் பொருத்தினால் அது அகலத்தில் நான்கில் மூன்று பங்கைப் பிடிக்கும். இரு பக்கமும் எட்டில் ஒரு பங்கு மிஞ்சும். 52 மைக்ரோ நொடியில் ஒவ்வொரு பக்கமும் 6.5.

நடுப்பகுதியைக் காலத்தில் விரித்து 50 மைக்ரோ நொடிக்கு நீட்டுங்கள். பழைய பெட்டியில் தெரியப்போவது இதுதான். ஒளிப்பதிவாளர் முக்கியமானவற்றை நடுவிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இங்கேயே தொடங்குகிறது. படத்துக்குப் படம் வெட்டும் இடத்தை நகர்த்தலாம். உங்கள் மாதிரியில் இப்போதைக்கு நடுவே இருக்கட்டும்.

பக்கப் பகுதிகளை இரண்டாகப் பிரியுங்கள். 0.7 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள மங்கலான பகுதியை 6 மடங்கு இறுக்கினால் 6.5 மைக்ரோ நொடி ஏறக்குறைய 1 ஆகிவிடும். அதிர்வெண்ணோ 6 மடங்கு ஏறி 4.2 மெகாஹெர்ட்ஸைத் தொடும். அந்த 0.7 எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும்: 4.2-ஐ 6-ஆல் வகுத்தது. இந்த இறுக்கிய துண்டுகளைத்தான் திரையின் ஓரத்தில் ஒளிக்கிறோம். நடுப்பகுதியும் இவையும் சேர்ந்தது முதல் கூறு.

பக்கப் பகுதிகளின் நுணுக்கமான மேல் அதிர்வெண்கள் ஓரத்தில் அடங்காது. அவற்றுக்கு எதிர்வழி. இரு பக்கமும் சேர்ந்து 13 மைக்ரோ நொடி. அதை 50-க்கு நீட்டுங்கள். ஏறக்குறைய 4 மடங்கு விரிவு. பட்டை அகலம் அதே மடங்கில் சுருங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு வந்துவிடும். தனியாக எடுத்து வையுங்கள். இதற்கு "இரண்டாம் கூறு" என்று பெயரிடுவோம்.

மூலப் படத்தில் 5 முதல் 6.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள கிடைமட்ட நுணுக்கம் பழைய அலைவரிசையில் வராது. அந்த 1.2 மெகாஹெர்ட்ஸ் துண்டை அப்படியே கீழே இறக்கி 0 முதல் 1.2 வரை வையுங்கள். இது மூன்றாம் கூறு.

படி 4: இடைப்பின்னலும் உதவிச் சிக்னலும்

பழைய பெட்டிக்கு ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு புலம், இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த புலம். ஒவ்வொரு முழுச் சட்டகத்திலும் பாதிக் கோடுகளை எறிகிறோம். எறிந்த கோட்டைப் புதிய பெட்டி எப்படித் திரும்பப் பெறும்? முந்தைய புலத்திலும் பிந்தைய புலத்திலும் அதே இடத்தில் இருக்கும் கோடுகளைச் சராசரி எடுத்து ஊகிக்கும். உங்களிடம் உண்மையான கோடு இருக்கிறது. உண்மையிலிருந்து ஊகத்தைக் கழித்தால் வரும் மிச்சமே உதவிச் சிக்னல்.

அசையாத இடத்தில் மிச்சம் பூச்சியம். ஆள் நடக்கும் இடத்தில், பந்து பறக்கும் இடத்தில் மட்டும் எழும். அதை 0.75 மெகாஹெர்ட்ஸுக்கு வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். படி 1-ல் எழுதிய கீழ்ப்பக்கப் பட்டையின் அகலமும் இதுவே என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

படி 5: ஒளித்துவைத்ததைச் சேதமில்லாமல் திரும்ப எடுக்கும் ஏற்பாடு

இந்த முறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

இரண்டாம், மூன்றாம் கூறுகளைச் செங்குத்துக் கட்டங்களில் ஒரே துணை ஊர்தி அலை மீது ஏற்றுகிறோம். அதன் அதிர்வெண் கோட்டு அதிர்வெண்ணைப் போல் 197.5 மடங்கு: சுமார் 3.1 மெகாஹெர்ட்ஸ். இருபுறமும் 1.1 விரிந்தால் 2 முதல் 4.2 வரை, அலைவரிசைக்குள் கச்சிதமாக அடங்குகிறது.

இனி 262 கோடுகள் இடைவெளியில் உள்ள இரண்டு படப்புள்ளிகளைப் பாருங்கள். ஒன்று முதல் புலத்தில், மற்றது அதே சட்டகத்தின் இரண்டாம் புலத்தில். திரையில் ஏறக்குறைய ஒரே இடம். உங்கள் கணினிக் கோப்பில் இவற்றுக்கிடையே 910 × 262 = 238,420 மாதிரிகள். வண்ண அலை இந்த இடைவெளியில் 227.5 × 262 = 59,605 சுற்றுகளை முடிக்கிறது. முழு எண்! ஆகவே இரண்டு புள்ளிகளிலும் வண்ணத்தின் கட்டம் ஒன்றே. புதிய துணை அலைக்கும் கணக்குப் போடுங்கள்: 197.5 × 262 = 51,745. அதுவும் முழு எண். அதன் கட்டமும் ஒன்றே. இப்போது புதிய அலையை மட்டும் ஒவ்வொரு இரண்டாம் புலத்திலும் தலைகீழாக்குங்கள். இரண்டு புள்ளிகளில் முதன்மைப் படமும் வண்ணமும் ஒரே குறியோடு வரும். ஒளித்த செய்தி எதிர்க்குறிகளோடு வரும். கூட்டினால் படம், கழித்தால் ஒளித்த செய்தி.

எண்களில்: முதன்மைப் படம் 60, ஒளித்தது 8. முதல் புலத்தில் 68, இரண்டாவதில் 52. கூட்டிப் பாதியாக்கினால் 60. கழித்துப் பாதியாக்கினால் 8. பழைய பெட்டி 68, 52 என்று மாறி மாறிக் காட்டுகிறது. நொடிக்கு 60 புலங்கள் என்ற வேகத்தில் கண் அதை 60 என்றே எடுத்துக்கொள்கிறது.

படம் அசைந்தால் இது உடையும். முதல் புலத்தில் 60, இரண்டாவதில் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். 68-ம் 62-ம் வரும். பிரித்தால் படம் 65, ஒளித்தது 3. ஒளித்த 8 தொலைந்துவிட்டது. அதனால் ஏற்றுவதற்கு முன்பே இரண்டு புள்ளிகளையும் சராசரியாக்கிவிட வேண்டும்: 65, 65. பிறகு 73, 57. பிரித்தால் 65-ம் 8-ம் பிசகில்லாமல் வரும். ஒளிக்கும் கூறுகளையும் இப்படியே இணை இணையாகச் சராசரியாக்குங்கள். இரண்டு புள்ளிகளிலும் அதே 8 இருந்தால்தான் கழித்தல் செல்லும்.

முழுப் படத்தையும் இப்படிச் சராசரியாக்கினால் எல்லா அசைவும் தடுக்கித் தடுக்கி ஓடும். ஏ.சி.டி.வி. 1.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள நுணுக்கத்தை மட்டுமே சராசரியாக்கியது. ஒளித்த செய்தி 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தானே இருக்கிறது. கீழே கை வைக்கத் தேவையில்லை. பெரிய உருவங்கள் வழுக்கிச் செல்லும். அவற்றின் மேலுள்ள மெல்லிய கோடுகள் மட்டும் நொடிக்கு 30 என்ற வேகத்தில் தத்தும். சட்டை மடிப்பில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. நகரும் எழுத்துகளில் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் காணொளித் துண்டில் எழுத்துகள் ஓடும்படி வைத்துச் சோதியுங்கள்.

படி 6: உதவிச் சிக்னலை ஊர்தி அலையில் ஏற்றுங்கள்

முதன்மைச் சிக்னல் வழக்கம்போல வீச்சுப் பண்பேற்றம் ஆகட்டும். உதவிச் சிக்னலை 90 பாகை தள்ளிய பட ஊர்தி அலை மீது ஏற்றிக் கூட்டுங்கள். ஒரே கட்டத்தை மட்டும் பார்க்கும் ஒத்திசைவுப் பண்பிறக்கி உள்ள பெட்டிக்கு இது தெரியாது. எளிய உறை உணர்வி உள்ள மலிவான பெட்டிக்கு மொத்த வீச்சே தெரியும். அதாவது இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம்.

இங்கே என்.டி.எஸ்.சி.யின் ஒரு குணம் எதிராக வேலை செய்கிறது. அதில் வெள்ளைக்குத்தான் ஊர்தி அலையின் வீச்சு மிகக் குறைவு: உச்சத்தில் 12.5 விழுக்காடு. கறுப்பு 70 விழுக்காட்டை ஒட்டி. உதவிச் சிக்னலின் அளவு 0.05 என்றால், கறுப்புப் பகுதியில் 0.70 என்பது 0.7018 ஆகும், கறுப்பு முதல் வெள்ளை வரையிலான வீச்சில் 0.3 விழுக்காடு பிழை. வெள்ளையிலோ 0.125 என்பது 0.1346 ஆகிவிடும், பிழை 1.7 விழுக்காடு. வெள்ளைச் சட்டைக்காரர் ஓடும்போது அவரைச் சுற்றி மெல்லிய சாம்பல் நிழல் தட்டும். ஆகவே உதவிச் சிக்னலின் அளவை அடக்கியே வையுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. பழைய பெட்டியின் உள்வடிகட்டி பட ஊர்தி அலையைச் சுற்றிச் சாய்வாக இறங்கும். கீழ்ப்பக்கப் பட்டை மேல்பக்கத்தைவிட மெலிந்துவிடும். இந்தச் சமமின்மை செங்குத்துக் கட்டத்தில் இருந்ததைப் படத்துக்குள் கசியவிடும். அந்தச் சாய்வுக்கு நேர் எதிரான வடிவத்தை உதவிச் சிக்னலுக்கு அனுப்பும் இடத்திலேயே கொடுத்துவிட்டால், பழைய பெட்டிக்குள் இரு பக்கமும் சமமாகிக் கசிவு நின்றுவிடும். மட்சுஷிட்டா நிறுவனம் தன் செங்குத்துக் கட்ட முறையில் வகுத்த உத்தி இது. இதை விட்டுவிட்டுச் சோதித்தால் உதவிச் சிக்னல் பேய்போலப் படத்தில் அலையும். ஒருமுறை அப்படியும் ஓட்டிப் பாருங்கள்.

படி 7: பழைய பெட்டியாக நின்று சோதியுங்கள்

சாதாரண என்.டி.எஸ்.சி. பண்பிறக்கி ஒன்றை எழுதி உங்கள் சிக்னலை அதற்குக் கொடுங்கள். ஓரத்தில் 1 மைக்ரோ நொடியை மறைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு மறைக்காமல் பாருங்கள். சரியாகச் சீரமைக்காத பெட்டி வைத்திருந்தவர் ஓரத்தில் விசித்திரமான கோடுகளைப் பார்த்திருப்பார்.

அடுத்தது வி.எச்.எஸ். பதிவுக்கருவி. அதன் ஒளிர்வு ஏறக்குறைய 3 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. அந்த வடிகட்டியைப் போட்டால் 3.1-ஐச் சுற்றி ஒளித்தவை சிதைந்துவிடும். செங்குத்துக் கட்டத்து உதவிச் சிக்னலோ பண்பிறக்கத்திலேயே போய்விட்டது. வீட்டில் பதிவு செய்தால் பழைய படம்தான் மிஞ்சும்.

மூன்றாவது சோதனைதான் கடுமையானது: எதிரொளிப்பு. கட்டடத்தில் பட்டு 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றிவரும் அலை 1 மைக்ரோ நொடி தாமதமாகிறது. அதன் ஊர்தி அலைக் கட்டம் எந்தக் கோணத்திலும் இருக்கலாம். கட்டம் சுழன்றால் படி 6-ல் பிரித்து வைத்த இரண்டும் கலந்துவிடும். சாதாரண என்.டி.எஸ்.சி.யில் எதிரொளிப்பு ஒரு நிழற்படத்தைத்தான் தரும். இங்கே அசைவின் மிச்சமெல்லாம் படத்தில் ஏறிவிடும். மாடி ஆன்டெனாக்களை நம்பியிருந்த நகரங்களை நினைத்தால், இந்த முறையின் மிகப் பெரிய பலவீனம் இதுவே என்பது என் கருத்து.

படி 8: புதிய பெட்டி

எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்யுங்கள். 262 கோட்டு இணைகளைக் கூட்டிக் கழியுங்கள், மூன்று கூறுகளையும் இடம் சேருங்கள், உதவிச் சிக்னலால் விடுபட்ட கோடுகளைத் திருத்துங்கள். கடைசியில் நடுப்பகுதியும் பக்கங்களும் சேரும் தையலை உற்றுப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு வழிகளில் பயணம் செய்தவை. இரைச்சலும் தெளிவும் சற்றே மாறினாலும் திரையில் இரண்டு செங்குத்துக் கோடுகள் தெரியும். விளிம்பில் சில புள்ளிகளை இரு பகுதிகளிலும் பொதுவாக வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக மாற்றினால் தையல் மங்கும்.

படி 9: ஒளிப்பதை நிறுத்த வேண்டிய இடம்

1990 மார்ச்சில் எஃப்.சி.சி. வேறு பாதையைத் தேர்ந்தது: பழைய அலைவரிசையில் பழையது அப்படியே ஓடட்டும், உயர்தெளிவுக்குத் தனியாக இன்னொரு 6 மெகாஹெர்ட்ஸ், இரண்டும் இணையாக ஒளிபரப்பாகட்டும். அதே ஆண்டு ஜூனில் ஜெனரல் இன்ஸ்ட்ரூமென்ட் நிறுவனம் முழுக்க டிஜிட்டலான முறையை அறிவித்தது. 1991-ல் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் சோதனைகள் தொடங்கியபோது ஏ.சி.டி.வி.யும் மேசைக்கு வந்தது. ஆனால் அதை உருவாக்கியவர்களே ஏற்கெனவே டிஜிட்டல் அமைப்பு ஒன்றையும் கையில் எடுத்திருந்தார்கள். 1993 மேயில் போட்டியாளர்கள் ஒன்றிணைந்தார்கள். 1996 டிசம்பர் 24 அன்று புதிய தரத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

இந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். படி 5-ன் அழகை ரசிக்கலாம். ஆனால் ஒவ்வொரு மறைவிடமும் அசைவிலோ இரைச்சலிலோ ஒரு விலை கேட்டது. அத்தனையும் கொடுத்த பிறகும் கிடைத்தது 525 கோடுகள்தான். ஐரோப்பாவின் உயர்தெளிவு முறையான எச்.டி.-மேக்கின் கதை இன்னும் வேடிக்கை. அது அங்கே வீடுகளில் வழக்கிலிருந்த பால் என்ற வண்ணத் தரத்தோடு பொருந்தவில்லை. டி2-மேக் என்ற புதிய செயற்கைக்கோள் தரத்தின் பெட்டிகளோடு பொருந்தியது. அந்தப் பெட்டிகளை வாங்கியவர்களோ சொற்பம்.

இணை ஒளிபரப்பிலும் பொருத்தம் தேவைப்பட்டது, வேறு வகையில். பக்கத்து ஊரின் என்.டி.எஸ்.சி. நிலையம் அதே அலைவரிசையில் இருந்தால் புதிய டிஜிட்டல் பெட்டி தடுமாறும். அதற்காக டிஜிட்டல் குறியீடுகளின் வேகமான 10.76 மெகாஹெர்ட்ஸை வைத்து 12 குறியீட்டுத் தாமதம் கொண்ட சீப்பு வடிகட்டி ஒன்றை வகுத்தார்கள். அதன் பள்ளங்கள், அதாவது அலையை அடக்கும் இடங்கள், 0.897 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றாக விழும். பழைய சிக்னலின் பட, வண்ண, ஒலி ஊர்தி அலைகள் அந்தப் பள்ளங்களில் ஏறக்குறைய வந்து உட்காரும்.

2009 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் முழுத்திறன் நிலையங்கள் அனலாக்கை நிறுத்தின. பழைய பெட்டிக்காரர்களுக்கு மாற்றுக்கருவி வாங்க 40 டாலர் மதிப்புள்ள கூப்பன்களை அரசு வழங்கியது, ஒரு வீட்டுக்கு இரண்டு வரை. ஒளிபரப்பு நிலையம் செய்துவந்த பொருத்த வேலையை அதன்பின் அந்தச் சிறு பெட்டி செய்தது: டிஜிட்டல் படத்தை வாங்கி, கோடுகளைக் குறைத்து, என்.டி.எஸ்.சி.யாகவே டிவிக்குள் அனுப்பியது.

அந்தக் கருவியின் வேலையையும் உங்கள் மாதிரியில் சேர்த்துவிடலாம். 1080 கோட்டுப் படத்தை 480 கோடுகளுக்கு இறக்கும்போது செங்குத்தாக மென்மையாக்கிய பிறகே கோடுகளைக் குறையுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய கிடைக்கோடுகள் இடைப்பின்னலில் துடிக்கும். பிறகு பக்கங்களை வெட்டி ஒன்று, கறுப்புப் பட்டை விட்டு ஒன்று என்று இரண்டும் செய்து பாருங்கள். பட்டை விட்டால் 480-ல் 360 கோடுகள்தான் படம். ஐரோப்பாவின் பால் தரத்துக்கு அகலத்திரை வடிவமாக வந்த பால்பிளஸ் இதே கணக்கை 576 கோடுகளில் போட்டு, காலியான 144-க்குள் செங்குத்து நுணுக்கத்தை ஒளித்தது. படி 2-ல் நாம் தொடாமல் விட்ட நான்காவது இடம் அது. படி 4-ல் எழுதிய நிரலைக் கொஞ்சம் திருத்தினால் அதையும் கட்டிவிடலாம்.